வெளிர் நிறத்தில் மறையும் சேரி

கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் நடந்து போனால் ஆலை வாசல்களில் ஒரு பலகை கண்ணில் படும். பெரிய கூட்டல் குறி போல ஒரு பச்சைச் சிலுவை, அதற்குள் மாதத்தின் நாளுக்கு ஒன்றாகக் கட்டங்கள். விபத்தில்லாத நாளுக்குப் பச்சை, சிறு காயத்துக்கு மஞ்சள், வேலைக்கு வர முடியாத அளவு அடிபட்டால் சிவப்பு. மேலே "விபத்தில்லா நாட்கள்" என்று ஓர் எண். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும், ஒடிசாவிலிருந்து நேற்று ரயிலில் வந்து இறங்கியவருக்கும் புரியும். வடிவமைப்பு என்று மட்டும் பார்த்தால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் அந்தக் கட்டத்துக்குள் யாருடைய கை வருகிறது? தொழிற்சாலைகள் சட்டம் 48 மணி நேரம் வேலைக்கு வர முடியாத காயத்தைத்தான் அரசுக்கு அறிவிக்க வேண்டிய விபத்தாக வைத்தது. கட்டுப் போட்ட கையோடு மறுநாள் ஒருவரை வரச்சொல்லி ஷெட்டின் ஓரத்தில் உட்கார வைத்தால் அவர் "வேலைக்கு வந்துவிட்டார்". கட்டம் பச்சை. அடிபட்டவர் ஒப்பந்தக்காரரின் ஆள் என்றால் அவர் பெயர் வேறு பதிவேட்டில் இருக்கும், சில இடங்களில் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. அப்போதும் கட்டம் பச்சை. இரும்பு உருட்டாலைகளில் சூடான பக்கத்தில் நிற்பவர்களில் நம் பிள்ளைகள் எத்தனை பேர், வடமாநிலத் தலித், ஆதிவாசி இளைஞர்கள் எத்தனை பேர் என்று அந்தப் பலகையை எவ்வளவு நேரம் பார்த்தாலும் தெரியாது.

இதை இங்கே எழுதக் காரணம் உண்டு. நம் கூட்டங்களுக்கு வரும் மாணவர்களில் பலர் இப்போது லேப்டாப்போடு வருகிறார்கள். கல்லூரியில் டேட்டா விஷுவலைசேஷன் என்று ஒரு பாடம் இருக்கிறது. வன்கொடுமைக் கணக்கை அழகான சார்ட்டாக்கி வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள். நல்லது. நமக்கு வேண்டிய திறமைதான் அது. ஆனால் அந்தப் பாடம் கூடவே ஓர் அழகியலையும் விற்கிறது. படம் "க்ளீனாக" இருக்கவேண்டும், இடம் விட்டு இருக்கவேண்டும், கண்ணை உறுத்தக்கூடாது என்கிறது.

சுத்தம் என்ற சொல்லைக் கேட்டாலே நமக்குக் காது விடைக்கும். விடைக்கத்தான் வேண்டும். இந்த ஊரில் எதைச் சுத்தம் என்றார்கள், யாரை வெளியே நிறுத்திவிட்டு அப்படிச் சொன்னார்கள் என்று நமக்குத் தெரியும். எட்வர்ட் டஃப்டி என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1983இல் எழுதிய புத்தகம் இந்தத் துறைக்கு வேதம் போல. தரவைச் சொல்லாத மையை எல்லாம் அழி, மிச்சம் எல்லாம் சார்ட்டில் சேர்ந்த குப்பை என்றார் அவர். அவர் சொன்னது தேவையில்லாத கோடுகளையும் அலங்காரங்களையும் பற்றி. அதில் நமக்குச் சண்டை இல்லை. ஆனால் அந்த அறிவுரை நம் மாவட்ட அலுவலகங்களுக்கும் ஆலை வாசல்களுக்கும் பத்திரிகை அலுவலகங்களுக்கும் வந்து சேரும்போது, குப்பை என்று தூக்கியெறியப்படுவது கோடுகள் மட்டுமல்ல. "சாதிவாரியாகப் பிரித்தால் படம் குழம்பும்", "சின்ன எண்ணிக்கை, இதரவில் சேர்த்துவிடு", "கணக்கில்லாத இடத்தை வெள்ளையாக விடு". இப்படிச் சொல்பவர்கள் எல்லோரும் சாதி வெறியர்கள் இல்லை. அழகாக இருக்கவேண்டும் என்று நினைக்கிறார்கள், அவ்வளவுதான். முடிவு மட்டும் ஒன்றாகவே இருக்கிறது.

மிகப் பெரிய உதாரணத்தை எடுப்போம். ஒவ்வொரு ஆண்டும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் அறிக்கை வெளியிட்டதும் செய்தித்தாள்கள் இந்திய வரைபடத்தைப் போட்டு மாநிலங்களுக்கு வண்ணம் அடிக்கும். பட்டியல் சாதியினருக்கு எதிரான குற்றங்கள் அதிகமாக இருந்தால் அடர்நிறம், குறைவாக இருந்தால் வெளிர்நிறம். 2022ஆம் ஆண்டுக்கு நாடு முழுவதும் 57,582 வழக்குகள். ஒரு லட்சம் பட்டியல் சாதியினருக்கு 28.6 என்பது விகிதம். ராஜஸ்தானும் மத்தியப் பிரதேசமும் 70ஐ ஒட்டி நிற்கின்றன, ஆகவே அடர்நிறம். தமிழ்நாட்டில் 1,761 வழக்குகள், விகிதம் 12 சொச்சம். வெளிர்நிறம். உடனே நம் மாநிலத்து மேடைகளில் ஒரு பெருமூச்சு: "பார்த்தீர்களா, இது பெரியார் மண்!"

தோழர்களே, அந்த வண்ணம் எதை அளக்கிறது என்று யோசியுங்கள். அது எஃப்.ஐ.ஆரை அளக்கிறது. ஒரு காவல் நிலையத்தில் ஒரு ரைட்டர் பேனாவைத் திறந்தாரா இல்லையா என்பதை அளக்கிறது. புகார் கொடுக்கப் போனவரிடம் "எதுக்குப்பா பி.சி.ஆர். எல்லாம், பேசி முடிச்சுக்கலாம்" என்று சொல்லி அனுப்பியது அதில் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை விட்டுவிட்டுச் சாதாரண அடிதடியாகப் பதிந்தது அதில் இல்லை. எதிர்ப்புகார் வாங்கி வைத்துக்கொண்டு மிரட்டியதும், பயந்து படியேறாமலே திரும்பியதும் அதில் இல்லை. காவல்துறை ஒழுங்காக வழக்குப் பதிய ஆரம்பித்தால் அந்த மாநிலத்தின் நிறம் அடர்த்தியாகும். பதிய மறுக்க மறுக்க வெளுத்துக்கொண்டே போகும். நீதி மறுக்கப்படும் இடம் வரைபடத்தில் அழகாகத் தெரிகிற ஏற்பாடு இது.

வடமாநிலங்களில் வன்கொடுமை குறைவு என்று நாங்கள் சொல்லவரவில்லை. அங்கேயும் பதியாமல் போனவை மலைபோல் இருக்கும். இந்தப் படத்தை வைத்துக்கொண்டு மாநிலங்களுக்கு மார்க் போட முடியாது என்கிறோம். இன்னொன்றும் உண்டு. வேங்கைவயலில் 2022 டிசம்பரில் ஒரு சேரி முழுவதும் குடித்த தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்தார்கள். எஃப்.ஐ.ஆர். ஒன்று, ஆகவே கணக்கிலும் ஒன்று. ஒருவரைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டியதும் ஒன்று. இரண்டும் ஒரே உயரத்துக் கோடாக ஒரே பட்டைக்குள் போய் அடுக்கிக்கொள்ளும்.

இதற்கு நேர் எதிரான படமும் இருக்கிறது. 1993 முதல் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறந்தவர்களின் மாநிலவாரிக் கணக்கில் தமிழ்நாடு முதலிடத்தில் நிற்கிறது. நாடாளுமன்றத்தில் தரும் பதில்களில் ஆண்டுக்கு ஆண்டு அதுவே வருகிறது. அந்த வரைபடத்தில் நாம் கன்னங்கரேலென்று இருப்போம். மற்ற மாநிலங்களில் யாரும் சாகவில்லையா? செத்தார்கள், எழுதப்படவில்லை. சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் தொடுத்த வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம், 1993 முதல் இறந்த ஒவ்வொருவரையும் கண்டறிந்து குடும்பத்துக்குப் 10 லட்சம் கொடு என்றது. இங்கே அமைப்புகள் ஊர் ஊராகப் போய்ப் பெயர் சேகரித்து, மனுப் போட்டு, நீதிமன்றத்துக்கு இழுத்து எண்ணவைத்தன. கரிய நிறத்தில் ஒரு பங்கு நம் தோழர்களின் உழைப்பு. இரண்டு வரைபடங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரே மாநிலம் ஒன்றில் வெளுப்பு, இன்னொன்றில் கறுப்பு. இது புரியாமல் நாமும் அதே மென்பொருளில் அதே வண்ணத்தை அடித்து "அதிர்ச்சித் தகவல்" என்று பகிர்கிறோம்.

இனி நம் மாவட்டம். 1997இல் பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து பிரிந்தது திருவள்ளூர். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 37.28 லட்சம், அதில் பட்டியல் சாதியினர் 22.04 சதவீதம். மாநிலச் சராசரி 20.01. ஐந்தில் ஒருவருக்கும் மேல் என்றே சொல்லலாம். ஆனால் ஆவடியின் அடுக்குமாடியும் செங்கல் சூளையில் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்த இருளர் குடும்பமும் ஒரே மாவட்டம். மாவட்டவாரியாக வண்ணம் அடித்தால் இரண்டுக்கும் ஒரே நிறம். சரி, சாதிவாரியாகப் பார்க்கலாம் என்றால், தேசியக் குடும்பநல ஆய்வின் மாவட்ட அறிக்கைத் தாளில் சாதி வராது. மாநில அறிக்கைக்குப் போனால்தான் அது கிடைக்கும். ஆகவே "திருவள்ளூரில் இரத்தசோகை" என்று படம் போடலாம், "திருவள்ளூர்ச் சேரிகளில் இரத்தசோகை" என்று போட முடியாது. டேஷ்போர்டில் அந்தப் பொத்தானே இல்லை.

உள்ளாட்சி இட ஒதுக்கீட்டை யாராவது படமாக்கினால் கும்மிடிப்பூண்டி ஒன்றியம் நன்றாகவே தெரியும். தனித்தொகுதிகள் நிரம்பியிருக்கும், பெண்களுக்கான இடங்கள் நிரம்பியிருக்கும், பட்டை முழுக்கப் பச்சை. அந்தப் பச்சைக்குள் ஆத்துப்பாக்கமும் ஒன்று. அங்கே 2020 சுதந்திர தினத்தன்று ஊராட்சித் தலைவர் அமிர்தத்தைக் கொடியேற்ற விடவில்லை. செய்தி வெளியான பிறகு ஆகஸ்ட் 20 அன்று மாவட்ட ஆட்சியர் நேரில் வந்து ஏற்றவைத்தார். அந்த அஞ்சு நாளை எந்தப் பட்டையில் காட்டுவீர்கள்? நாற்காலி கிடைத்ததா என்ற கேள்விக்கு மட்டும் சார்ட் பதில் சொல்கிறது. அதில் உட்கார விட்டார்களா என்பது இரண்டாவது கேள்வி. அதற்கு ஒரு வரிசை சேர்க்கச் சொன்னால் "டேட்டா இல்லை" என்பார்கள்.

அதே கும்மிடிப்பூண்டிப் பக்கம் தோக்கமூரில் தலித் மக்களைப் பொதுநிலத்துக்குப் போகவிடாமல் ஆதிக்கச் சாதியினர் கட்டிய சுவர் இருந்தது. ஆண்டுக்கணக்கில் இருந்தது. தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணி போராட்டம் அறிவித்த பிறகு 2022 அக்டோபரில் அதிகாரிகள் இடித்தார்கள். அது நின்ற காலத்தில் எந்த அரசு வரைபடத்தில் அதற்கு ஒரு குறியீடு இருந்தது? கோயிலுக்குக் குறி உண்டு, கிணற்றுக்கு உண்டு, மின்கம்பிப் பாதைக்கு உண்டு. தீண்டாமைச் சுவருக்குக் குறி இல்லை. இரட்டைக் குவளைக் கடைக்கு இல்லை. பிணம் தூக்கிப்போக வழி மறிக்கப்பட்ட பாதைக்கு இல்லை. செயற்கைக்கோள் படத்தில் அது மயிரிழை மாதிரி ஒரு சாம்பல் கோடு. அது என்ன என்று அந்த ஊர்க்காரர் சொன்னால்தான் உண்டு.

வரைபடத்தில் இல்லாததாக்கினால் நிலத்திலும் இல்லாததாக்கிவிடலாம் என்பதற்கு எண்ணூர் சாட்சி. 1996இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மேலாண்மை வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் பாதுகாக்கப்பட்ட நீர்ப்பகுதி. 2017இல் தகவல் உரிமைச் சட்டத்தின் மூலம் வெளிவந்த இன்னொரு வரைபடத்தில் கழிமுகத்தின் பெரும்பகுதி காணோம். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது, மீனவர் வலை வீசுகிறார், இருளர் பெண்கள் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். காகிதத்தில் மட்டும் அங்கே எதுவும் இல்லை. ஒன்றுமில்லாத இடத்தில் கட்டடம் எழுப்பத் தடை ஏது?

பஞ்சமி நிலமும் இந்தக் கதைதான், இன்னும் பழையது. செங்கல்பட்டில் ஆட்சியர் பொறுப்பிலிருந்த ட்ரெமன்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் அரசாணை வந்தது. பொன்னேரி எல்லாம் அந்தப் பழைய செங்கல்பட்டில்தான் அப்போது இருந்தது. பத்தாண்டு விற்கக் கூடாது, அதன்பிறகு ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. மாநிலம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் சொல்லிவருகின்றன. காரணையில் அந்த நிலத்தைக் கேட்டதற்காக 1994இல் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். இன்றைக்கு சிப்காட் மனை எண்ணைத் திரையில் தொட்டால் விவரம் வந்து நிற்கிறது. பஞ்சமி நிலம் எங்கே என்று தொட்டுப் பார்க்க ஒரு வரைபடம் உண்டா? 'அ' பதிவேட்டில் புல எண்ணாகக் கிடக்கிறது. அதைத் தூக்கி வரைபடத்தின் மேல் வைக்க எந்த அரசுக்கும் அவசரம் இல்லை. வைத்தால் யார் யாருடைய கம்பிவேலி அதற்குள் வரும் என்று அவர்களுக்குத் தெரியாதா?

இதெல்லாம் தரவுப் பிரச்சினை, அழகுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் தோழர்கள் உண்டு. நம் பக்கத்திலேயே நிறையப் பேர் உண்டு. எண்ணைச் சரியாகப் போட்டால் போதும், அலங்காரம் மேட்டுக்குடியின் பொழுதுபோக்கு என்பார்கள். இன்னொரு பக்கம், நம் போஸ்டர்களைப் பாருங்கள். கறுப்புப் பின்னணி, எண்ணின் அடியிலிருந்து ரத்தம் சொட்டும், கூப்பிய கையோ குனிந்த தலையோ ஒன்று. பட்டியல் சாதி என்ற வார்த்தைக்கு வடிவமைப்பாளர்கள் கண்ட ஒரே உருவம் குனிந்த முதுகு. அதை நாமும் வாங்கி ஒட்டிக்கொள்கிறோம். எண்ணூறு போஸ்டர் பார்த்த கண்ணுக்கு ரத்தம் வெறும் சிவப்பு மை.

1900இல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்கு டபிள்யூ. இ. பி. டூ பாய்ஸ் என்ற கறுப்பின அறிஞர், அட்லாண்டா பல்கலைக்கழக மாணவர்களோடு உட்கார்ந்து கையால் அறுபது வாக்கில் படங்கள் வரைந்தார். அப்போது அவருக்கு வயது 32. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஜார்ஜியாவில் சாம் ஹோஸ் என்ற கறுப்பினத் தொழிலாளியைக் கும்பல் எரித்துக் கொன்றிருந்தது. ரத்தம் வரைய அவருக்குக் காரணம் இல்லாமல் இல்லை. அவர் வரைந்தது நில உடைமை, படிப்பு, தொழில், வரிகட்டிய சொத்து. நல்ல சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலத்தில், நீர்வண்ணத்தில். அதில் ஒரு படம் எங்களுக்கு மிகவும் பிடித்தது. ஜார்ஜியாவின் கறுப்பர்களில் எத்தனை பேர் பட்டணத்தில், எத்தனை பேர் கிராமத்தில் என்று 1890 கணக்கைக் காட்டவேண்டும். கிராமத்தில் 7,34,952 பேர். அந்தக் கோடு தாளில் அடங்காது. சுத்தமான முறை என்ன சொல்லும்? அளவைச் சுருக்கு. அவர் சுருக்கவில்லை. கோட்டைச் சிவப்பில் கீழே இறக்கிச் சுருளாகச் சுற்றிவிட்டார். தாளில் இடமில்லை என்பதற்காக எங்கள் ஆட்களைக் குறைக்க மாட்டேன் என்று அந்தச் சுருள் சொல்கிறது. இலக்கணப்படி பார்த்தால் சுருளில் நீளத்தை ஒப்பிடுவது கஷ்டம், பிழை என்று வாத்தியார் மார்க் குறைப்பார். நூற்றிருபத்தைந்து ஆண்டு கழித்தும் அந்தப் பிழையைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். கண்காட்சியில் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தார்கள்.

1946இல் அண்ணல் அம்பேத்கர் இந்த டூ பாய்ஸுக்குத்தான் கடிதம் எழுதினார், ஐ.நா.வுக்குக் கறுப்பர்கள் தரும் மனுவைப் பற்றிக் கேட்டு. அண்ணலின் புத்தகங்களைத் திறந்தாலும் அட்டவணைகள் இடித்துக்கொண்டு நிற்கும். பாகிஸ்தான் பற்றிய நூலில் வரைபடங்களே உண்டு. காங்கிரஸும் காந்தியும் தீண்டப்படாதவர்களுக்குச் செய்ததென்ன என்று கேட்டபோது, 1937 தேர்தலின் ஓட்டுக் கணக்கைத் தொகுதி தொகுதியாகப் பிரித்துப் போட்டுத்தான் கேட்டார். எண்ணை எந்த வரிசையில் வைத்தால் எதிராளிக்கு வாய் அடைக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அழகு வேண்டும் என்றே நாங்கள் சொல்கிறோம். யார் பார்க்க என்பதுதான் கேள்வி. நாம் போடும் சார்ட் கடைசியில் எங்கே போகிறது? திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்துக்கு, மனுவோடு இணைப்பாக. அதற்கு முன் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கு. கறுப்பு வெள்ளைப் பிரதி, ஒரு பக்கம் இரண்டு ரூபாய். உங்கள் லேப்டாப்பில் கொஞ்சிய வெளிர் பச்சையும் வெளிர் ஆரஞ்சும் அங்கே ஒரே சாம்பல் ஆகிவிடும். சேரி எது, ஊர் எது என்று அதிகாரிக்குத் தெரியாது. தெரியவில்லை என்று மனுவை ஓரம் வைக்க அவருக்கு இதைவிட நல்ல சாக்கு வேண்டுமா? வண்ணத்தை நம்பாதீர்கள். சாய்கோடு போடுங்கள், புள்ளி போடுங்கள், எண்ணைப் பட்டையின் மேலேயே எழுதுங்கள். ஆங்கிலத் தலைப்பை எடுங்கள். நம் ஆட்கள் நல்ல வடிவமைப்பாளர்கள் இல்லை என்று யார் சொன்னது? தொண்ணூறுகளில் இரவோடு இரவாகச் சுவர் பிடித்து, நீலத்திலும் சிவப்பிலும் ஆள் உயர எழுத்தை ஓடும் பஸ்ஸிலிருந்து படிக்கிற மாதிரி எழுதிய சிறுத்தைகள் எந்தக் கல்லூரியில் படித்தார்கள்?

கணக்கில்லாத இடத்தை வெள்ளையாக விடவே விடாதீர்கள். வெள்ளை என்றால் "ஒன்றும் நடக்கவில்லை" என்றுதான் கண் படிக்கும். அதற்கென்று கண்ணை உறுத்துகிற ஒரு கோட்டுக் குறியை வையுங்கள், "புகார் வாங்க மறுத்தார்கள்", "கேட்டோம், பதில் வரவில்லை" என்று அதிலேயே எழுதுங்கள். தகவல் உரிமை மனு போட்ட தேதியையும் போடுங்கள். படம் அசிங்கமாக இருக்கும். இருக்கட்டும்.

2027 மார்ச் 1ஐ அடிப்படையாக வைத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருகிறது. சாதியையும் கேட்கப்போகிறார்கள். "காலனி" என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்று 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். இழிவான சொல் போகட்டும், நமக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் பெயர் போன அந்த இடத்துக்குத் தார்ச்சாலை எத்தனை மீட்டர் முன்னால் நின்றுபோகிறது, சுடுகாட்டுக்கு வழி எது, சிப்காட் கழிவுநீர் எந்தப் பக்கம் இறங்குகிறது என்பது எந்தப் படிவத்திலும் வராது. ஆகவே கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, ஊத்துக்கோட்டை வட்டங்களில் இருக்கும் மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். உங்கள் ஊரின் கிராம வரைபடத்தை வாங்குங்கள், 'அ' பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். ஒரு பெரிய சார்ட் தாளில் உங்கள் அம்மாவையும் பாட்டியையும் உட்காரவைத்து வரையுங்கள். எந்தத் தெருவில் செருப்பைக் கழற்றினார்கள், எந்தக் கிணற்றில் இன்னும் இறங்க முடியாது, எந்தப் புல எண் தாத்தாவின் பெயரில் இருந்தது என்று அவர்கள் சொல்வார்கள். பேனா கறுப்பாக இருக்கட்டும். ஜெராக்ஸில் நன்றாக விழும்.